செருப்பைக் கழற்றிய பூதம்: முலுண்டிலிருந்து தாராவிப் பனிமலைக்கு ஒரு ஞாயிறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பின்னூட்டத்தில் வந்து அங்கலாய்க்க வேண்டாம். பனிமலையில் பூதம் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் மலிவுப் படங்கள் எனக்குப் பிடிக்கும். பனி உப்பாக இருக்கலாம், பஞ்சாக இருக்கலாம், சோப்பு நுரையாகக்கூட இருக்கலாம். பூதத்தின் முதுகில் ஜிப் தெரியலாம். மொத்தப் படத்துக்கும் ஆன செலவு எங்கள் மாட்டுங்கா உறவுக்காரர்கள் ஒரு சீமந்தத்துக்குச் செய்வதைவிடக் குறைவாக இருந்தால் ரொம்ப நல்லது. ஐரோலியில் வேலை, முலுண்டில் வீடு, காலேஜில் படிக்கும் பெண், பி.பி.க்கு தினம் ஒரு மாத்திரை என்று இருக்கிற நாற்பத்தாறு வயதுக்காரி இந்தப் படங்களைத் தேடி ஊர் ஊராக அலையலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் கோவில் கோவிலாகப் போகிறீர்கள், நான் கேட்டேனா?

நிஜப் பனியையும் பார்த்தாயிற்று. கல்யாணமான புதிதில் மணாலிக்குப் போனோம். வாடகைக் கோட்டு, வாடகை பூட்ஸ், ஒரு மணி நேர நடுக்கம், நாலு போட்டோ. திரும்பி வந்த வாரம் வாடகை சி.டி.யில் ஒரு படம் பார்த்தேன். உப்பு மூட்டையைக் கவிழ்த்த மாதிரி ஒரு மலை, அதன்மேல் கரடித் தோல் போர்த்திய ஓர் ஆள். அன்றைக்கு முதுகில் ஏறிய குளிர் மணாலியில் ஏறவில்லை. அதிலிருந்து பிடித்த பைத்தியம் இது, இன்னும் தெளியவில்லை, தெளியவும் வேண்டாம்.

இந்தப் பயணம் ஜனவரி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காரணம் கொஞ்சம் சங்கடமானது. டிசம்பரில் இந்த வலைப்பூவில் ஒரு நிமிடத் துண்டு ஒன்றைப் போட்டிருந்தேன். தாராவிக்காரர்கள் எடுத்த 'உறைமலை' என்ற படத்தின் முன்னோட்டத்திலிருந்து எடுத்தது. மலையேற வந்த ஐந்து பேர் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு ஒரு கூடாரத்துக்குள் ஒதுங்குகிறார்கள். வாசலில் அவர்களுடைய ஐந்து ஜோடி பூட்ஸ் வரிசையாக இருக்கிறது. வெள்ளை ரோமம் அடர்ந்த பூதம் வருகிறது. குனிகிறது. நகம் வைத்த தன் பெரிய பாதங்கள் இரண்டையும் ஜிப்பைத் திறந்து கழற்றி, வரிசையின் கடைசியில் ஒழுங்காக வைத்துவிட்டு, மனுஷக் காலோடு உள்ளே போகிறது.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், 'உலகத்திலேயே மரியாதை தெரிந்த பூதம் தாராவியில் இருக்கிறது' என்று ஒரு வரியும் எழுதினேன். அந்த வரி என் கையை விட்டுப் போய்விட்டது. யார் யாரோ எடுத்துப் போட்டார்கள், இந்தியில் போட்டார்கள், பாட்டு சேர்த்துப் போட்டார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு டொரண்டோவில் இருக்கும் ஒரு வாசகர் கேட்டார்: பூதத்தை விடுங்கள், அந்த ஐந்து பேர் ஏன் பனியில் பூட்ஸைக் கழற்றி வெளியே வைக்கிறார்கள்? விரல் உறைந்துபோகாதா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து பேர் கழற்றியது என் கண்ணுக்குத் தப்பாகவே படவில்லை. ஆறாவதாகப் பூதம் கழற்றியதற்குத்தான் சிரித்திருக்கிறேன். பனிமலைப் படங்களில் எனக்குத் தெரியாததே இல்லை என்று பீற்றிக்கொண்டிருப்பவள் நான்.

அதற்கு அடுத்த வாரம் படத்தின் இயக்குநர் சுடலைமணியிடமிருந்து செய்தி வந்தது. ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குச் செம்பூரில் முதல் காட்சி, அவசியம் வாருங்கள் என்று இருந்தது. கீழே இன்னொரு வரி. பூத வேஷம் கட்டிய பேச்சிமுத்து வரமாட்டேன் என்கிறார், காரணம் நீங்கள் எழுதிய அந்த வரிதான். என் வீட்டுக்காரர், ஒரு சினிமாவுக்காகக் காலையிலேயே கிளம்புவதைப் பார்த்து, சாப்பாடு யார் பண்ணுவது என்று மட்டும் கேட்டார். ஃபிரிட்ஜில் தோசை மாவு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

முலுண்டில் 7.46 ஸ்லோ. செகண்ட் கிளாஸ் டிக்கெட் பத்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் லைனில் போகிறவர்கள் தண்டவாள வேலைக்காக வண்டியை நிறுத்தும் மெகா பிளாக் எங்கே என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். அன்றைக்கு பதினொன்றரைக்கு மேல் ஸ்லோ டிராக் பந்த். அதனால்தான் இவ்வளவு காலையில் கிளம்பினேன். மாட்டுங்காவில் 8.24க்கு இறங்கினேன். இருபது டிகிரி இருக்கும். அதற்கே பிளாட்பாரத்தில் பாதிப் பேர் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டிருந்தார்கள். பம்பாய்க்காரர்களுக்குக் குளிரைப் பற்றிப் படம் எடுக்கத் தகுதி கிடையாது என்று யாராவது சொன்னால் இந்த பிளாட்பாரத்தைக் காட்டுவேன்.

சுடலைமணியை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் சந்தித்தேன். இட்லி வடை 70 ரூபாய், காப்பி 40. காப்பி அந்த விலைக்குத் தகும், வடை தகாது. ஆளுக்கு முப்பத்தாறு வயது, ஏ.சி. மெக்கானிக். மாட்டுங்கா குடும்பங்களுக்கு ஞாயிறுதான் ஏ.சி. சர்வீஸ் பண்ணுகிற நாள் என்பதால், தன் முதல் படம் வெளியாகிற அன்றைக்கும் இரண்டு வீட்டுக்கு வேலை ஒப்புக்கொண்டிருந்தார். டூல் பை காலடியில் இருந்தது.

ஏன் பனிமலை என்று கேட்டேன். ஒரு ஐஸ்கிரீம் கிடங்கில் டீப் ஃபிரீசர் ரிப்பேருக்காக மூன்று நாள் உள்ளே இருந்தாராம். சுவரில் படிந்திருந்த பனியை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, இதற்குள்ளிருந்து யாராவது வெளியே வந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியதாம். அவ்வளவுதான் கதை. போன மே மாசம் போனிலேயே எடுத்திருக்கிறார்கள். நடித்தவர்கள் எல்லாரும் தாராவிக்காரர்கள். ஒருவர்கூடப் பனியைப் பார்த்ததில்லை.

விஷயத்துக்கு வந்தார். சாயங்காலக் காட்சிக்குப் படங்களை ஆன்லைனில் போடும் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார். அவருக்குப் படம் பிடித்திருக்கிறது, ஆனால் பூதம் பாதத்தைக் கழற்றும் இடத்தை வெட்டச் சொல்கிறார். வெட்டாவிட்டால் பெயரை மாற்றிக் காமெடிப் படமாகப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். பேச்சிமுத்துவும் வெட்டச் சொல்கிறார், டைட்டிலிலிருந்து தன் பெயரையும் எடுக்கச் சொல்கிறார். சுடலைமணிக்கு வெட்ட மனமில்லை. ஆனால் படத்தைவிடச் சேக்காளி முக்கியம், அவர் மதியம் பன்னிரண்டுக்குள் வெட்டு என்றால் வெட்டிவிடுவேன் என்றார்.

நீங்கள் எடிட் பண்ணும்போது அதைக் கவனிக்கவில்லையா என்று கேட்டேன்.

"நாப்பது தடவ பாத்திருப்பேன்க்கா," என்றார். "வீட்டுக்குள்ள போறான், கழத்திட்டுப் போறான். அதுல கவனிக்க என்ன இருக்கு?"

நானே போய்ப் பேச்சிமுத்துவிடம் பேசுகிறேன் என்றேன். என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கெடுத்தது நான், அதனால் போக வேண்டியதும் நான். அவ்வளவுதான் தெரிந்தது.

மாட்டுங்காவில் ரிக்ஷா கிடையாது, டாக்ஸிதான். புதிதாக வருகிறவர்கள் ரிக்ஷாவுக்குக் காத்து நின்று ஏமாறாதீர்கள். தாராவித் தொண்ணூறடி ரோடு வரை 2.3 கிலோமீட்டர், மீட்டரில் 48 ரூபாய். டிரைவர் எதற்குப் போகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். ஒரு பூதத்தைப் பார்க்க என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அதற்கப்புறம் பேசவில்லை.

தாராவியைச் சுற்றிக் காட்ட டூர்க்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அடுத்தவர் வேலை செய்வதை வேடிக்கை பார்க்கக் காசு கொடுப்பானேன்? நான் போனது ஒரு மலையைப் பார்க்க. சுடலைமணி வரைந்து கொடுத்த வழிப்படி முதலில் பிளாஸ்டிக் உருக்கும் சந்துக்குப் போனேன். பழைய டப்பா, வாளி எல்லாவற்றையும் உருக்கி மணி மணியாக வெட்டுகிறார்கள், அதற்குத் தானா என்று பெயர். வெள்ளைத் தானா ஒன்பது மூட்டை, ஒரு நாளுக்கு மட்டும் கடன். அதுதான் படத்தில் வரும் பனி. மறுநாள் ஒரு மணி குறையாமல் பெருக்கி எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். மலை, பக்கத்து மொட்டைமாடியில் அடுக்கியிருந்த கந்தல் துணிப் பொதிகள். மேலே பைகளுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் வெள்ளைத் துணியைப் போர்த்தியிருக்கிறார்கள். பொதிகள் இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. மாடிக்காரரிடம் கேட்டுவிட்டு ஏறிப் பார்த்தேன். ஏழடி உயரம். படத்தில் பதினெட்டாயிரம் அடி.

பேச்சிமுத்து வீடு அங்கிருந்து நாலு நிமிட நடை. பத்துக்குப் பன்னிரண்டு அறை. பகலில் பை தைக்கும் இடம், மற்ற நேரத்தில் அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் வீடு. ஞாயிறு என்றாலும் மெஷினில் உட்கார்ந்து ஸ்கூல் பை தைத்துக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வயது, ஆறடி உயரம், அதனால்தான் பூதம். உத்தரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் பூதத்தின் உடம்பு தொங்கியது. பொம்மைக்குத் தைக்கும் வெள்ளை ரோமத் துணியில் தானே தைத்தது. பாதம் மட்டும் தனியாக, பூட்ஸ் மாதிரி, ரெக்ஸினில். நகம் ஒவ்வொன்றுக்கும் இரட்டைத் தையல். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல பூதக் காலை நான் பார்த்ததில்லை, அதை அவரிடம் சொன்னேன். அவர் நன்றி சொல்லவில்லை.

அந்த வரியை எழுதியவள் நான்தான் என்றும் சொன்னேன். மெஷின் நின்றது. அவர் மனைவி எனக்கு டீ போட எழுந்தவர் போடலாமா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்தார். போடு என்று தலையசைத்தார். பெரிய மனது.

அதற்கப்புறம் அவர் சொன்னதை எல்லாம் எழுத முடியாது. டீக்கடையில் நுழைந்தால் காலைக் கழற்றி வெளியே வைத்தாயா என்று கேட்கிறார்கள். பை வாங்க வரும் வியாபாரி மரியாதைப் பூதம் என்று கூப்பிடுகிறார். தங்கச்சிக்குப் பேசி முடித்த இடத்தில், மாப்பிள்ளை வீட்டார் அந்தத் துண்டைப் போனில் போட்டுக் காட்டி, இது உங்க அண்ணன்தானே என்று கேட்டிருக்கிறார்கள். அவர் மே மாச வெயிலில் அந்த ரோமத்துக்குள் ஆறு நாள் வெந்திருக்கிறார். அதற்கு ஊர் கொடுத்த பரிசு இது, எடுத்துக் கொடுத்தது நான். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

கூடாரத்தை இந்த அறைக்குள்தான் போட்டிருந்தார்களாம், மொட்டைமாடியில் காற்றுக்கு நிற்கவில்லை என்பதால். நான் உட்கார்ந்திருந்த பாயின்மேல்தான் அந்த ஐந்து பேரும் பதுங்கியிருந்தார்கள்.

"எக்கா, அந்தத் தலைக்குள்ள கண்ணு தெரியாது. மூச்சு முட்டும். ஆக்‌ஷன்னான், நடந்து வந்தேன். வீட்டு வாசல்னு காலுக்குத் தெரிஞ்சிட்டு. கழத்திட்டேன். நெனச்சுச் செய்யல." பிறகு என்னைக் கேட்டார்: "முன்னால அஞ்சு பேரு கழத்துனானுவல்லா, அது ஒங்களுக்குத் தப்பாப் பட்டுதா?"

இல்லை என்றேன். உண்மை அதுதானே. அந்த டொரண்டோ வாசகர் கேட்டதையும் சொன்னேன். அவர் பாதியில் நின்ற பையை மெஷினிலிருந்து உருவி, நூலைக் கத்தரித்தார். வெட்டாதீர்கள் என்று கெஞ்ச வேண்டும்போல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. முதல் தடவையாக இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு சுடலைமணியின் போன் வந்தது. பேச்சிமுத்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னைக்கு ஒரு தடவ அப்படியே காட்டு. நானும் வாரேன், கதவுகிட்ட உக்காருதேன். நம்ம ஆள்க சிரிச்சா வெட்டிரு, பேரையும் எடுத்துரு. அதுக்குப் பொறவு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

சரி என்றார் சுடலைமணி. பின்னால் யாரோ ஒரு மாமி ஃபில்டரைக் கழுவியாயிற்றா என்று கேட்டது ஸ்பீக்கரில் கேட்டது.

தாராவியிலிருந்து செம்பூருக்கு நேரே போக, சயான் வரை நடந்துவிடுவது நல்லது. 1.4 கிலோமீட்டர், இருபது நிமிடம். அங்கே ரிக்ஷா கிடைக்கும். 6.2 கிலோமீட்டர், 107 ரூபாய், ஞாயிறு மதியம் இருபத்தைந்து நிமிடம். பேச்சிமுத்து என்னோடுதான் வந்தார். தொப்பி, முகத்தில் மாஸ்க்.   செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு 130 ரூபாய், வத்தக்குழம்பு பிரமாதம். அவர் மோர் மட்டும் குடித்தார்.

காட்சி ஒரு கட்டிடத்தின் இரண்டாவது மாடி ஹாலில். லிஃப்ட் இல்லை, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். நூற்றிருபது நாற்காலி, அனுமதி இலவசம், திரைக்கு வேட்டித் துணி. முதலில் மாட்டுங்காவில் ஒரு ஹால் பேசியிருந்தார்களாம். போஸ்டரில் பூதத்தைப் பார்த்ததும் கச்சேரி நடக்கிற இடம் என்று மறுத்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. கச்சேரி ஹாலில் பாதிப் பேர் நடுவில் எழுந்து காண்டீனுக்குப் போய்விடுவார்கள். இங்கே மூணே முக்காலுக்கே நாற்காலி நிறைந்து, சுவரோரம் ஆள் நின்றது. முக்கால்வாசி தாராவியிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், மீதி செம்பூர்க்காரர்கள். கம்பெனி ஆள் முதல் வரிசையின் ஓரத்தில் இருந்தார். இருபத்தேழு வயது இருக்கும். தமிழ் பேசுவார், படிக்க வராது. டைட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சிமுத்து சொன்னபடியே கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்தில்.

படத்தைப் பற்றி என்ன சொல்ல? பதினெட்டாயிரம் அடி உயரத்தில் ஒருவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக் காற்று வாங்குகிறார். எல்லார் நெற்றியிலும் வேர்வை. பனிப்புயலுக்கு நடுவில் ஒரு குக்கர் மூன்று விசில் அடிக்கிறது. மலையுச்சியில் வழி தவறியவன் உதவிக்குக் கத்தும்போது தூரத்தில் லோக்கல் டிரெயின் ஹாரன் கேட்கிறது. அத்தனையும் நான் பார்த்தேன், அத்தனையும் எனக்குப் பிடித்தது. இவர்களுக்கு மலை கொடுக்க யாரும் வரவில்லை, இருக்கிற பொதியை அடுக்கி ஏறியிருக்கிறார்கள். பெரிய படங்களில் கம்ப்யூட்டரில் வரைந்த பனியைப் பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கிறேன். இங்கே அந்த வெள்ளைத் தானா சரசரவென்று சரிந்து ஒருவன் கழுத்துவரை மூடியபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கூடாரக் காட்சி 4.50க்கு வந்தது. ஐந்து பேர் பூட்ஸைக் கழற்றி வைத்து உள்ளே போனார்கள். ஹாலில் ஒரு சலனமும் இல்லை. பூதம் வந்தது. குனிந்தது. ஜிப் சத்தம் கேட்டது.

இடது பக்கம் காலேஜ் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். அந்தத் துண்டைப் போனில் பார்த்தவர்கள், இதற்காகவே காத்திருந்தவர்கள். ஒருவன் என் வரியைச் சத்தமாகச் சொன்னான். நான் எழுதிய அதே வார்த்தைகள். பேச்சிமுத்து எழுந்துவிட்டார். கதவில் கை வைத்துவிட்டார்.

நடு வரிசையில் ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும், மடியில் காய்கறிப் பை, அந்தப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"என்னத்துக்குச் சிரிக்கிய? செருப்போட நிக்கவன் வாசலோட போயிருவான். இவன் கழத்திட்டாம்லா? இனிப் போகமாட்டான்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். ஹால் அடங்கிவிட்டது. திரையில் ஆறாவது ஜோடி வரிசையின் கடைசியில் இருந்தது. அடுத்து அந்தக் கால் மட்டும் தெரிந்தது, ஒரு விரலில் பிளாஸ்திரி ஒட்டிய கறுத்த மனுஷக் கால், பாயை மிதித்து உள்ளே வந்தது. ஒரு குழந்தை வீறிட்டது. சிரித்த பிள்ளைகளில் ஒருத்தி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். இருபது வருஷம் பூதப் படம் பார்த்தவள் சொல்கிறேன், எனக்குக் கை சில்லிட்டது. வீட்டுக்குள் இருக்கப் போகிறவன்தான் கழற்றுவான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறேன்.

பேச்சிமுத்து கதவைத் திறக்கவில்லை. மிச்சப் படத்தை நின்றுகொண்டே பார்த்தார். முடிந்து பெயர்கள் ஓடும்போது மாஸ்க்கை இறக்கிவிட்டிருந்தார்.

5.35க்கு விளக்குப் போட்டார்கள். கம்பெனி ஆள் எங்களிடம் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் பேசினார். படம் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது, இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். ஆனால் இங்கே பயந்தவர்கள் நம்ம ஆட்கள், வெளியே பார்க்கிறவர்களுக்கு அது புரியாது, அந்த ஒரு இடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். இல்லையென்றால் காமெடி. சுடலைமணி பேச்சிமுத்துவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். படம் நாடெல்லாம் போவது அவருடைய ஒரு வார்த்தையில் நின்றது. வெட்டு என்ற அந்த வார்த்தை, காலைவரை அவரே சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

"வெட்டாண்டாம்," என்றார் பேச்சிமுத்து. "அது என் வீடு தம்பி. எம் பிள்ளைக படுக்குத எடம். பூதமே வந்தாலும் வெளியதான் கழத்தணும்."

கம்பெனி ஆள் சுடலைமணியைப் பார்த்தார். அவரும், வெட்டவும் வேண்டாம் காமெடியும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். ஒரு கார்டைக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார், அதற்கப்புறம் அந்தக் கம்பெனியிலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. ஆகவே இந்தப் படத்தை நீங்கள் எந்த ஆப்பிலும் பார்க்க முடியாது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் துளிக்கூட சந்தேகம் இல்லை. குளிரைத் தெரிந்தவர்கள்தான் பனிப்படம் எடுக்க வேண்டும் என்றால், இறந்தவர்கள்தான் பேய்ப்படம் எடுக்க வேண்டும். வாசலைத் தெரிந்தவர்கள் எடுத்த படம் இது.

பின்னூட்டத்தில் கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே: டிசம்பர் பதிவை நான் அழிக்கவில்லை. சிரித்தது நான்தான், அது அங்கேயே கிடக்கட்டும். அதன் கீழே இந்தப் பதிவின் இணைப்பைச் சேர்த்திருக்கிறேன். இனியும் சிரிக்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம், படத்தை முழுக்கப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்றைக்கு என் செலவு, சாப்பாடு உட்பட, 415 ரூபாய். திரும்பும்போது செம்பூரிலிருந்து குர்லா, அங்கே மாறி முலுண்ட், மொத்தம் பத்து ரூபாய். ஏழு மணிக்கு வீட்டில் இருந்தேன். அடுத்த காட்சி பிப்ரவரி கடைசி ஞாயிறு, சாயங்காலம் நாலரைக்கு, உல்லாஸ்நகரில். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ரிக்ஷா இருபது ரூபாய். முலுண்டிலிருந்து போகிறவர்கள் கல்யாண் வண்டியில் ஏறி ஏமாறாதீர்கள், அம்பர்நாத் அல்லது பத்லாப்பூர் வண்டி பிடியுங்கள், 35 நிமிடம். ஹாலில் விசிறி இரண்டுதான், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள், இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

இடம் கண்டுபிடிக்க போஸ்டரைப் பார்த்துக்கொண்டே போனால் போதும், உல்லாஸ்நகரில் கேம்ப் என்று சொல்லும் பேட்டைகளிலெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். பேச்சிமுத்து சொல்லி மாற்றி அடித்த புதுப் போஸ்டர். மலை இல்லை, பூதத்தின் முகம் இல்லை. ஒரு வாசலில் ஆறு ஜோடி. கடைசி ஜோடிக்கு நகம் இருக்கிறது, அதன் கீழே கொட்டை எழுத்தில் அவர் பெயர் இருக்கிறது.